கால் மாறி ஆடிய படலம்

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜப் பெருமான் கால் மாறி ஆடினார், பாண்டியனுக்காக. வில்லியனூரில் அடியேன் கால் மாறி ஆடுவது ஒரு மோட்டார் சைக்கிளுக்காக!

என் பழைய புல்லட்டைப் பார்த்திருக்கிறீர்களா, நேயர்களே? 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு வம்சம். அதற்குக் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். 25 வருஷம் அப்படியே பழகிவிட்டேன். இப்போது வாங்கியிருப்பது 2023-ல் வெளிவந்த ஹிமாலயன் 450. இதில் சகலமும் தலைகீழ். கியர் இடம், பிரேக் வலம், முதல் கியர் கீழே!

"மருந்துக்கும் மலை இல்லாத ஊரில் இமயமலை வண்டி எதற்கு?" என்றாள் என் மனைவி. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் 230 மில்லிமீட்டர் இடைவெளி, நம் தெருப் பள்ளமெல்லாம் தெரியாது என்றேன். அவள் 825 மில்லிமீட்டர் உயர ஆசனத்தைப் பார்த்தாள். "முக்காலி ஒன்றும் கூடவே வாங்கியிருக்கலாம்" என்றாள்.

மூன்றாம் நாள், பாகூர் ஏரிக்கரை. முன்னே போன வைக்கோல் டிராக்டர் திடீரென்று நின்றது. பழக்க தோஷம், இடக்கால் அழுத்தி மிதித்தது. அங்கே இருந்ததோ கியர்! 196 கிலோ வண்டி உறுமிற்றே தவிர நிற்கவில்லை. நல்லவேளையாக முன் பிரேக் மட்டும் இரண்டு வண்டியிலும் வலக்கையில்தான். கை காப்பாற்றியது, மூக்கில் வைக்கோல் உரசியதோடு சரி.

ஆகவே, புல்லட்டிலிருந்து மாறுகிறவர்களே, முதல் வாரம் காலி மைதானத்தில் நிறுத்திப் பழகுங்கள். அதுவரை பழைய வண்டியைத் தொடவே தொடாதீர்கள், கால் குழம்பும்.

என் புல்லட்டைக் கேட்டு ஒருவர் இரண்டு முறை வந்துவிட்டார். விலை சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.