வடிகாலின் அகலமும் பள்ளியின் தூரமும்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடித்து அகற்றப்பட்டது. வடிகாலைத் தூர்வாரி, மழைக்காலத்தில் வெள்ளம் தேங்காமல் தடுப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. அந்த நோக்கத்தை நான் மறுக்கவில்லை. குறுகிப்போன நீர்வழி ஒரு நகரத்துக்கு ஆபத்தானது. அதன் கரையில் குடியிருப்போருக்கே முதல் ஆபத்து.

ஆனால் பாராபுல்லாவை மாசுபடுத்தியவர் யார்? தென் தில்லியின் பெரும்பகுதியிலிருந்து வரும் கழிவு அதன் வழியாகவே யமுனையைச் சேர்கிறது. கழிவு நகரத்துக்குப் பொதுவானது. அதைச் சீராக்கும் விலையை மட்டும் ஏறத்தாழ 370 குடும்பங்கள் செலுத்தின.

அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை எனக் கணக்கெடுப்பு முதலில் கூறியது. 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கு வாழ்ந்ததை ஆவணத்தால் நிறுவ வேண்டும் என்பது விதி. அன்றாடம் பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கிய கைகளுக்குத் தம் வாழ்வைக் காகிதமாகச் சேர்த்துவைக்க நேரம் வாய்த்திருக்குமா?

தகுதி பெற்றோருக்கு வீடு கிடைத்த இடம் நரேலா. ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால், நகரின் வடக்கு விளிம்பு. வேலை தென் தில்லியில் இருக்கிறது. பிள்ளைகள் பலர் பயின்றதோ லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில். கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றும் நரேலாவில் இல்லை. ஏப்ரலில் தொடங்கிய கல்வியாண்டின் இரண்டாம் மாதம் முடிந்த மறுநாளே வீடு போனது. ஒரு வடிகாலின் அகலத்தைக் கருவிகளால் துல்லியமாக அளக்க முடிகிற நமக்கு, ஒரு குழந்தை பள்ளிக்குச் செல்லும் தூரத்தை அளக்கத் தோன்றவில்லை.

இதைத் தமிழர் மீதான வன்மம் என்று மட்டும் படிப்பது எளிது. ஆயின் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடும்பங்களை அனுப்பியது தமிழ்நாடுதான். அவர்களுக்கும் வேலை ஒரு மூலையில், வீடு மறுமூலையில். அங்கே மொழி ஒன்றாக இருந்தும் அளவுகோல் மாறவில்லை. எனவே சிக்கல் மொழியில் மட்டும் இல்லை. ஏழையின் வீட்டை நான்கு சுவர்களாக மட்டுமே எண்ணும் திட்டமிடலில் இருக்கிறது.

நீர்வழி மீட்புத் திட்டம் எதுவாயினும், நான்கு நிபந்தனைகள் அதற்குள்ளேயே எழுதப்பட வேண்டும். கல்வியாண்டின் இடையில் எந்த வீடும் இடிக்கப்படலாகாது. புதிய இடத்தில் பள்ளிச் சேர்க்கை உறுதியான பின்னரே குடும்பம் இடம்பெயர வேண்டும். தாய்மொழிக் கல்வி தொடர வழியில்லையெனில் பழைய பள்ளிக்குப் பேருந்து வேண்டும். பணியிடத்துக்குச் சென்று திரும்பும் நேரமும் செலவும் திட்டச் செலவாகவே கணக்கிடப்பட வேண்டும். இவற்றைச் சேர்த்த பிறகும் ஒரு திட்டம் மலிவானதாகத் தோன்றினால், அதைச் சுற்றுச்சூழல் பணி என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.