நாவுக்கும் ஒரு நம்பர்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டைப் பழுது பார்க்கிற சங்கதியைப் பற்றி ஏனோ ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒருவேளை, அது பழமொழிக்குள் அடங்காத கஷ்டம் என்று எண்ணினார்களோ என்னவோ! புது வீடு கட்டுகிறவன் வெறும் மனையில் நிற்கிறான். பழுது பார்க்கிறவனோ, குடியிருக்கும் வீட்டின் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, மழை மேகத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டு நிற்கிறான். கண்டிராக்டர் பாதியில் மறைந்தால் முன்னவனுக்குப் பணம் நஷ்டம். பின்னவனுக்கோ அன்றிரவு பெண்டு பிள்ளைகளுடன் படுக்கவே இடம் இல்லை.

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வச் செழிப்பு மிக்க அமெரிக்காவிலும் இது உண்டு. அதற்கு அங்கே சில ராஜ்யங்கள் கண்டிருக்கும் பரிகாரம் நேயர்களின் கவனத்துக்கு உரியது. வேலையை ஏற்றுச் செய்யும் கண்டிராக்டர் மட்டுமல்ல. அவருக்காக வீடு தேடி வந்து, பேசி, கையெழுத்து வாங்கிக் கொண்டு போகும் விற்பனைக்காரரும் ஸர்க்காரிடம் தம் பெயரைப் பதிவு செய்து கொண்டாக வேண்டும். கலிபோர்னியா, மேரிலாந்து, கனெக்டிகட் ஆகிய ராஜ்யங்களில் இதுவே சட்டம்.

சுவர் எழுப்புகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றால் புரிகிறது. வெறுமனே பேசுகிறவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை வேண்டுவோர் 1987-ஆம் ஆண்டில் பாரி லெவின்ஸன் எடுத்த 'டின் மென்' என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்க்கலாம். கதை 1963-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்தில் நடக்கிறது. வீட்டின் வெளிச்சுவர்களை அலுமினியத் தகடுகளால் மூடும் வேலைக்கு ஆள் பிடிக்கிற விற்பனைக்காரர்களே கதாநாயகர்கள். ஒரு வீட்டின் எதிரே நின்று இவர்கள் மும்முரமாகப் புகைப்படம் எடுக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்து விசாரிக்கிறாள். பிரபல சஞ்சிகை ஒன்றில் 'தகடு போடுவதற்கு முன்', 'போட்ட பின்' என்று இரண்டு வீடுகளின் படங்கள் வெளிவரப் போவதாகவும், அவளுடைய வீடு 'முன்' என்பதற்கு உதாரணம் என்றும் விநயமாகச் சொல்கிறார்கள்! தன் வீட்டின் அலங்கோலத்தைத் தேசமே பார்க்கப் போகிறதென்றால் எந்தக் குடும்ப ஸ்திரீதான் சகிப்பாள்? 'பின்' படமாக மாறுவதற்கு வழி உண்டா என்று அவளே கேட்கிறாள். அப்புறம் கேட்பானேன்! மீன் தானே துள்ளி வந்து வலையில் விழுந்த கதைதான்.

படம் கற்பனை, ஆனால் அதில் விற்பனைக்காரர்களை விசாரித்து லைசென்ஸைப் பறிக்கும் கமிஷன் கற்பனையன்று. மேரிலாந்து ராஜ்யம் 1962-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி ஏற்படுத்திய உண்மையான கமிஷன் அது.

விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. வாக்குக் கொடுப்பவர் ஒருவர். வேலை செய்பவர் வேறொருவர். "இருபது வருஷத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாது" என்று சொன்னவரைப் பிடித்தால், "வேலை என் பொறுப்பல்ல" என்பார். வேலை செய்தவரைப் பிடித்தால், "அவர் சொன்னதற்கு நான் என்ன செய்வேன்?" என்பார். இருவருக்கும் நடுவே வீட்டுக்காரரின் சேமிப்பு கரைந்து போகும்.

கலிபோர்னியாச் சட்டம் இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. அங்கே கண்டிராக்டர்களுக்கு லைசென்ஸ் முறை 1929-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. கண்டிராக்டருக்கு நான்கு வருஷத் தொழில் அநுபவம் வேண்டும், பரீட்சை உண்டு, கைரேகை உண்டு, 2023-ஆம் ஆண்டு முதல் 25,000 டாலர் ஜாமீன் பத்திரமும் வேண்டும். விற்பனைக்காரருக்குப் பரீட்சை இல்லை. மனுவும் கட்டணமும் கைரேகையும் கொடுத்து, தமக்கென்று ஒரு பதிவு எண் பெற வேண்டும். கடையில் உட்கார்ந்து சாமான் விற்கிறவருக்கும், "எப்போது வந்து பார்க்கலாம்?" என்று நேரம் மட்டும் கேட்டுக் குறித்துக் கொள்கிறவருக்கும் இது தேவையில்லை. கண்டிராக்டரின் ஆபீஸுக்கு வெளியே, பெரும்பாலும் நம் வீட்டுக் கூடத்திலே உட்கார்ந்து பேரம் முடிப்பவருக்கே இந்த விதி. பதிவு இல்லாமல் அவ்வாறு பேரம் முடிப்பது குற்றம். அது மட்டுமா? விற்பனைக்காரர் இந்தச் சட்டத்தை மீறினால், கண்டிராக்டருக்கு அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் அவர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். "அவர் சொன்னதற்கு நான் என்ன செய்வேன்?" என்ற பல்லவி அங்கே எடுபடாது.

வெறும் பதிவுப் புத்தகம் ஒன்றை வைத்துக் கொண்டு ஸர்க்கார் சும்மா இருந்தால் பயன் இல்லை. சட்டத்துக்குப் பல் வேண்டும். கலிபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாத கண்டிராக்டர், வேலையை நன்றாகவே செய்திருந்தாலும், கூலி கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது. கொடுத்த பணம் முழுவதையும் திருப்பித் தரும்படி வீட்டுக்காரர் அவர் மீது வழக்குத் தொடரலாம். முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கோ, 1,000 டாலரோ, எது குறைவோ அதற்கு மேல் வாங்கலாகாது என்பது பொது விதி. மேரிலாந்தில் முன்பணத்துக்கு எல்லை மூன்றில் ஒரு பங்கு. அங்கே கண்டிராக்டர்கள் செலுத்தும் பணத்தைக் கொண்டு உத்தரவாத நிதி ஒன்றும் நடக்கிறது. வேலையில் மோசம் போனவர்கள் அதிலிருந்து ஓரளவு நஷ்டஈடு பெறலாம். ஆனால் லைசென்ஸ் உள்ளவரை அமர்த்தியவர்களுக்கே அந்தப் பாக்கியம். கனெக்டிகட்டில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கண்டிராக்டரின் பதிவு எண்ணும், வேலை தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் அதில் காண வேண்டும்.

இன்னொரு விதி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து விற்கப்படும் சரக்குக்கும் வேலைக்கும் 1974-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதிலும் மூன்று நாள் தவணை உண்டு. ஞாயிறும் தேசிய விடுமுறையும் கணக்கில்லை. மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் மனம் மாறினால், காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கலிபோர்னியாவில் 2021-ஆம் ஆண்டு முதல், அறுபத்தைந்து வயது நிரம்பியவர்களுக்கு இத்தகைய ஒப்பந்தங்களில் ஐந்து நாள். தனியே வசிக்கும் வயோதிகர்கள்தான் இனிய பேச்சுக்கு எளிதில் இரையாகிறார்கள் என்பதை அறிந்தே இந்தச் சலுகை தரப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு நாளில் மகனையோ மகளையோ கலந்து ஆலோசிக்கலாம் அல்லவா?

இவற்றுக்கு ஓர் ஆட்சேபம் சொல்லக்கூடும். பதிவு, கட்டணம், பரீட்சை என்று வேலி போட்டால் பெரிய கம்பெனிகள் உள்ளே இருக்கும். ஏழைக் கொத்தனாரும் தச்சரும் வெளியே நிற்பார்கள் என்பார்கள். இது தள்ளத்தக்க வாதமன்று. கைத்திறமை ஒன்றையே ஆஸ்தியாகக் கொண்டவனைக் காகிதக் கட்டுகளால் நசுக்கும் சட்டம் நல்ல சட்டமாகாது. இதைக் கருதியே கலிபோர்னியாவில், கூலியாள் வைக்காமலும் கட்டட அனுமதி தேவைப்படாமலும் செய்யும் சில்லறை வேலைகளுக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு இருக்கிறது. 2025 ஜனவரி முதல் அதற்கு எல்லை 1,000 டாலர். யோக்கியனான சிறு தொழிலாளியை விட்டுவிட்டு, பெரிய தொகையையும் பெரிய வாக்குறுதியையும் பிடிப்பதுதான் முறை.

நம் நாட்டு நிலைமை என்ன? 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற திட்டங்களில் மனையும் வீடும் விற்றுத் தரும் ஏஜெண்டுகளையும் பதிவு செய்து கொள்ளச் சொல்கிறது. ஆகவே, பேசுகிறவருக்கும் நம்பர் வேண்டும் என்ற தத்துவம் நமக்குப் புதிதன்று. ஆனால் விற்பனை சம்பந்தமில்லாத பழுது வேலைக்கு அந்தச் சட்டத்தில் பதிவு கிடையாது. குளியலறையை இடித்துக் கட்டுகிறவரும் மாடியில் ஓடு பதிக்கிறவரும் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள். வீடு கட்டித் தருவதும் சேவையே என்று 1993-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருப்பதால், குறை நேர்ந்தால் நுகர்வோர் மன்றத்தின் கதவைத் தட்டலாம். ஆனால் அங்கே போய் நிற்பதற்குக் கையில் காகிதம் வேண்டுமே! நம்மில் பலர் லக்ஷக் கணக்கான ரூபாயை வாய்ப் பேச்சை நம்பித்தானே கொடுத்துவிடுகிறோம்?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரையில் குடும்பஸ்தர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பேசுகிறவரின் பெயரும் விலாசமும், செய்கிறவரின் பெயரும் விலாசமும் ஒரே காகிதத்தில் இருக்கட்டும். என்ன சாமான், என்ன விலை, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். பணம் வேலையை முந்தாமல், வேலைக்குப் பின்னே நடந்து வரட்டும். கொடுத்ததற்கெல்லாம் ரசீது வாங்குங்கள். "இன்று சொன்னால்தான் இந்த விலை" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், மூன்று நாள் கழித்து வரச் சொல்லுங்கள். யோக்கியர் மறுபடியும் வருவார். மற்றவர் வராவிட்டால் லாபம் நமக்கே.