துவர்ப்பு குறைந்தால் தரமும் குறையுமா?

முதல்முறையாகச் சிவப்பு ஒயின் குடிப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வாய் உறிஞ்சியதும் புருவம் சுருங்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்துவிட்ட மாதிரி ஒரு விழி விழிப்பார். பக்கத்தில் ஒரு அனுபவசாலி கட்டாயம் இருப்பார். "பழகப் பழகச் சரியாகிவிடும். நல்ல ஒயின் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்பார். குறை தன் நாக்கில்தான் என்று நம்பி, புதியவர் அடுத்த வாயையும் மருந்து மாதிரி விழுங்குவார்.

அனுபவசாலி சொல்வதில் பாதிதான் உண்மை. துவர்க்கும் ஒயின்களில் மிக நல்லவை உண்டு. ஆனால் நல்ல சிவப்பு ஒயின் துவர்த்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. துவர்ப்பு குறைந்த, இலேசான சிவப்பு ஒயின் என்று ஒரு தனி வகையே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குபவரை 'இன்னும் வளராத நாக்கு' என்று நினைப்பதும், அந்த ஒயினை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவதும் பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கத்தால் நஷ்டம் குடிப்பவருக்கு மட்டுமல்ல, அதை விளைவிக்கும் விவசாயிக்கும்தான்.

துவர்ப்பு என்றால் என்ன என்று தமிழர்களுக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. அறுசுவையில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. பாக்கு, வாழைப்பூ, மாதுளைத் தோல், கடுக்காய் எல்லாம் தெரிந்த சங்கதிகள். ஒயினில் அந்த வேலையைச் செய்வது டானின். கடுக்காயையும் ஆவாரம் பட்டையையும் தோல் பதனிட உபயோகித்தது எதற்காக? அவற்றில் இருக்கும் டானினுக்காகத்தான். அது தோலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதை அழுகாமல் கெட்டியாக்கிவிடும். வாய்க்குள் போனாலும் அதே குணம்தான். உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வழுவழுப்பு போய்விடும், வாய் வறண்டுபோன மாதிரி இருக்கும்.

பால் சேர்க்காத கடுந்தேநீர் துவர்ப்பதும், பால் சேர்த்ததும் துவர்ப்பு அடங்குவதும் இதே கணக்குதான். பாலின் புரதம் டானினைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. கொழுப்புள்ள மாட்டிறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும் கேபர்னே சாவினியான் போன்ற கனமான ஒயின் பொருந்திப்போவதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. தட்டில் அந்த இறைச்சி இல்லாதபோது, அந்த ஒயின் பால் விடாத தேநீர் மாதிரி நின்றுவிடுகிறது. மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். டானினும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலை ஏற்றிவிடும். ஆக, புதியவரின் முகம் சுளிப்பது அறியாமையால் அல்ல. அவர் நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

சரி, டானின் எங்கிருந்து வருகிறது? திராட்சையின் தோல், விதை, காம்பு. சதையில் அவ்வளவாகக் கிடையாது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தனியே எடுத்து நொதிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே ஊறுகின்றன. எந்தத் திராட்சை, எத்தனை நாள் ஊறியது, ஓக் மரப் பீப்பாயில் எவ்வளவு காலம் கிடந்தது. துவர்ப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். விலையும் பெயரும் பிறகு வருபவை.

இலேசான சிவப்பு ஒயினின் மீதான இளக்காரம் இன்று நேற்று வந்ததல்ல. பிரான்சின் பர்கண்டிப் பகுதியை ஆண்ட பிலிப் பிரபு 1395-ஆம் ஆண்டு ஓர் ஆணை போட்டார். கமே என்ற திராட்சைக் கொடியைத் தன் நாட்டில் எங்கும் வைத்திருக்கக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும் என்பது ஆணை. மோசமான, துரோகம் செய்யும் கொடி என்று வசை வேறு. அதன் ஒயின் கசக்கிறதாம், மனிதர்களுக்குக் கெடுதலாம். பிரபுவுக்குப் பிடித்தது பீனோ நுவார். அது கொஞ்சமாகக் காய்க்கும், எளிதில் நோய்ப்படும், ஆனால் பேர் வாங்கித் தரும். கமே சீக்கிரம் பழுக்கும், ஏராளமாகக் காய்க்கும். கொள்ளை நோயில் ஆள்பலம் குறைந்து கிடந்த அந்த நூற்றாண்டில் ஏழைக் குடியானவனுக்கு எது சௌகரியம் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆணை போட்டும் கமே சாகவில்லை. தெற்கே போஜொலே மலைச்சரிவுகளில் அதற்குப் பிடித்த கருங்கல் மண் கிடைத்தது. இன்று அங்கே விளையும் சிவப்பு ஒயின் ஏறக்குறைய முழுவதும் கமேதான். பிரபு விரும்பிய பீனோ நுவாரும், விரட்டிய கமேயும் இன்று துவர்ப்பு குறைந்த சிவப்பு ஒயினுக்கு முதலில் சொல்லப்படும் இரண்டு பெயர்கள் என்பதுதான் வேடிக்கை.

போஜொலேக்காரர்கள் ஒயின் செய்யும் விதமும் துவர்ப்பைக் குறைக்கிறது. குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். அடியில் உள்ள பழங்கள் மேலுள்ள பாரத்தில் நசுங்கி நொதிக்க ஆரம்பிக்கும். அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிறைக்கும். பிராணவாயு இல்லாத அந்த இடத்தில் மேலே உள்ள பழங்கள் தோல் கிழியாமலே உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்குகின்றன. நிறமும் பழ வாசனையும் இறங்குகின்றன. டானின் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது.

இலேசான ஒயினுக்குக் கெட்டபெயர் வந்ததில் போஜொலேக்காரர்களின் பங்கும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே புட்டியில் அடைத்து விற்கும் 'போஜொலே நூவோ' ஒரு திருவிழா மாதிரி உலகம் முழுக்கப் பரவியது. 1985 முதல் ஒவ்வொரு நவம்பரின் மூன்றாவது வியாழக்கிழமையும் அதன் வெளியீட்டு நாள். விற்பனை ஏறியதும் அவசரம் ஏறியது, அவசரம் ஏறியதும் தரம் இறங்கியது. வாழைப்பழ வாசனை அடிக்கும் தண்ணீர் மாதிரி ஒயின்கள் வந்தன. 2001-இல் விற்காமல் தேங்கிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை அழிக்கவோ, காய்ச்சி வடிக்கவோ வேண்டியதாயிற்று.

அதே ஊரில் வேறு வழியில் போனவர்களும் இருந்தார்கள். ஜூல் ஷோவே என்ற வேதியியல் தெரிந்த ஒயின் வணிகர், இரசாயனங்களைக் குறைத்து, நல்ல பழத்தை நம்பி ஒயின் செய்யச் சொன்னார். 1980-களில் மோர்கோன் கிராமத்தின் மார்செல் லபியேரும் அவரது நண்பர்களும் அதைச் செய்து காட்டினார்கள். பழைய கொடிகள், குறைந்த கந்தகம், அவசரமின்மை. கொடி அதே கமே, குலையை முழுசாகப் போடும் முறையும் அதேதான். ஆனால் அந்த ஒயின்களைத் தேடிப்பிடித்துக் குடிப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். குற்றம் இலேசாக இருந்ததில் இல்லை, அலட்சியமாகச் செய்ததில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்னொரு பக்கம் மதிப்பெண்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-இல் 'ஒயின் அட்வகேட்' என்ற செய்திமடலைத் தொடங்கி, பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஒயின்களுக்கு நூற்றுக்கு மார்க் போட்டார். சாதாரண வாங்குபவருக்கு அது உதவியாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குக் கனமான, அடர்த்தியான ஒயின்கள் மீதுதான் பிரியம் என்று அவரை விமர்சித்தவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். 2019-இல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மார்க் போடும் பழக்கம் ஓய்வு பெறவில்லை. ஒரே அமர்வில் பல ஒயின்களை வரிசையாக ருசித்துத் துப்பும்போது சத்தமாகப் பேசும் ஒயின்தான் நினைவில் நிற்கும். மென்மையாகப் பேசுவது காதில் விழாது. வீட்டில் சாப்பாட்டோடு ஒரு கோப்பையை மெதுவாகக் குடிப்பவருக்கு அந்தப் பரீட்சையின் மார்க் எதற்கு?

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில், நிறத்தை நம்பக் கூடாது. இத்தாலியின் பியட்மான்ட் பகுதியிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள். பரோலோ ஒயின் தரும் நெபியோலோ திராட்சையின் நிறம் வெளிர்ந்திருக்கும், துவர்ப்போ வாயைக் கட்டிப்போடும். பக்கத்திலேயே விளையும் பார்பேராவுக்கு அடர்ந்த நிறம். துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். நிறத்தைப் பார்த்து எடுப்பவர் இரண்டிலும் ஏமாறுவார்.

பார்க்க வேண்டியது திராட்சையின் பெயர். கமே, பீனோ நுவார் தவிர வட இத்தாலியின் ஸ்கியாவா, சிசிலியின் ஃபிரப்பாட்டோ, ஆஸ்திரியாவின் ஸ்வைகெல்ட் எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். அடுத்து ஆல்கஹால் அளவு. அது டானினை அளக்காது. ஆனாலும் 12, 13 சதவீதம் என்று போட்டிருக்கும் புட்டி 14.5 போட்டிருப்பதைவிட இலேசாக இருக்க வாய்ப்பு அதிகம். புது ஓக் பீப்பாயில் நெடுநாள் இருந்தது என்று பெருமை பேசும் புட்டியைத் தள்ளிவைக்கலாம். மரமும் தன் பங்குக்கு டானின் தரும்.

போஜொலேயில் நல்ல தரத்துக்குப் பேர்போன பத்துக் கிராமப் பிரிவுகள் உண்டு. அவற்றின் புட்டிகளில் பல சமயம் போஜொலே என்ற பெயரே பெரிதாக இருக்காது, கிராமத்தின் பெயர்தான் இருக்கும். ஃப்ளூரி, ஷிரூப்ல் என்று இருந்தால் பொதுவாக மென்மை. மோர்கோன், மூலான் ஆ வான் என்று இருந்தால் கொஞ்சம் கட்டுமானம் கூடும். பர்கண்டியின் பேர்பெற்ற பீனோ நுவார் கேட்கும் விலையோடு பார்த்தால் இவை பெரும்பாலும் மலிவு. 600 வருடத்துப் பழைய இளக்காரம் வாங்குபவருக்குத் தரும் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம்.

'மிருதுவானது' என்று புட்டியில் எழுதியிருந்தால் மட்டும் உஷார். மலிவான சில ஒயின்களில் கொஞ்சம் சர்க்கரையை மிச்சம் வைத்துத் துவர்ப்பை மூடிவிடுகிறார்கள். துவர்ப்பு குறைவது வேறு, இனிப்பால் மறைவது வேறு. காப்பி கசக்கிறதென்று நாலு கரண்டி சர்க்கரை போடுவதற்கும் நல்ல கொட்டை வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

சூட்டையும் கவனிக்க வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடி என்பது குளிர்தேசத்துப் பழைய வீடுகளுக்குச் சொன்னது. 16, 18 டிகிரிதான் அதன் அர்த்தம். சென்னையின் மே மாதத்து அறையைச் சொன்னவர்கள் பார்த்ததில்லை. இலேசான சிவப்பு 12 முதல் 14 டிகிரியில் நன்றாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் போதும். கனமான ஒயினை இப்படிக் குளிர்வித்தால் துவர்ப்பு இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். டானின் குறைந்ததற்கு அந்தப் பயம் இல்லை. வெயில் ஊருக்கும் காரச் சாப்பாட்டுக்கும் எது தோது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஆரோக்கியப் பிரசாரமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டானின் குறைந்தால் தலைவலி வராது என்று சொல்பவர்கள் உண்டு. அது நிரூபணமான விஷயமில்லை. 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் குவெர்செட்டின் என்ற வேறொரு பொருளின் மீது சந்தேகத்தைத் திருப்பியிருக்கிறார்கள். இலேசான ஒயினிலும் இருப்பது ஆல்கஹால்தான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு அதே 2023-இல் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

குடிப்பவர் மட்டும் ஒன்றைச் செய்யலாம். கடைக்காரரிடம் "துவர்ப்பு குறைந்த சிவப்பு வேண்டும்" என்று தயங்காமல் கேட்கலாம். விவரம் தெரிந்த கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார், கமேயோ பீனோ நுவாரோ எடுத்து நீட்டுவார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கும்வரைதான் ஃப்ளூரியின் சரிவில் ஒருவர் கமேயைப் பிடுங்காமல் வைத்திருப்பார். பிலிப் பிரபுவின் ஆணை செய்ய முடியாததை, வாங்குபவரின் வெட்கம் செய்துவிடக் கூடாது.