'இப்போதைக்கு வேண்டாம்' பட்டியல்

மென்பொருள் கம்பெனிகளில் ப்ராடக்ட் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் வருகிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு வசதி வேண்டும். விற்பனைப் பிரிவுக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, முதலாளிக்கு நேற்றிரவு தோன்றிய ஒன்று. ஆளும் நாளும் மட்டும் அளவோடுதான் இருக்கும். எதை முதலில் செய்வது?

இதற்குச் சில முறைகள் உண்டு. ஒன்றின் பெயர் மாஸ்கோ. ரஷ்யாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! 1994ல் டாய் க்ளெக் உருவாக்கியது. மஸ்ட், ஷுட், குட், வோன்ட் என நான்கு கட்டங்கள். அதாவது கட்டாயம் வேண்டும், முக்கியம், இருந்தால் நல்லது, இந்த முறை கிடையாது. மொத்த உழைப்பில் 60 சதவீதத்துக்கு மேல் 'மஸ்ட்' போகக்கூடாது என்கிறது இதைக் கையாளும் டிஎஸ்டிஎம் முறை. நடைமுறையில்? எல்லாமே மஸ்ட்தான்.

அடுத்தது ரைஸ். எத்தனை பேருக்குப் பயன்படும், எவ்வளவு பயன், கணிப்பில் எவ்வளவு நம்பிக்கை... மூன்றையும் பெருக்கி, ஆகும் உழைப்பால் வகுக்க வேண்டும். 1000 பேர், பயன் 2, நம்பிக்கை 80 சதவீதம், உழைப்பு 4 ஆள்-மாதம் என்றால் மதிப்பெண் 400. நம்பிக்கையை 50 சதவீதமாக்கினால் 250. பிடித்த வசதியை மேலே ஏற்ற ஒரு எண்ணை மாற்றினால் போதும். பார்க்க மட்டும் அறிவியல் மாதிரி இருக்கும்.

ஆக, எந்த முறையும் தானாக முடிவெடுக்காது. 'வேண்டாம்' என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும்.

2007 ஜூனில் வந்த முதல் ஐஃபோனில் காப்பி-பேஸ்ட் கிடையாது, எம்.எம்.எஸ். கிடையாது. வேறு ஃபோன்களில் எம்.எம்.எஸ். அப்போதே சர்வசாதாரணம். கேலி செய்தார்கள். ஆனாலும் 74 நாளில் 10 லட்சம் ஃபோன் விற்றது. தொடுதிரையும் இணையமும் மக்களை இழுத்தன. காப்பி-பேஸ்ட் 2009 ஜூனில் வந்து சேர்ந்தது.

அதற்காக எதை விட்டாலும் ஜெயிக்கலாம் என்று அர்த்தமில்லை. ஜப்பானியப் பேராசிரியர் நொரியாக்கி கானோ 1984லேயே பிரித்துக் காட்டினார்: சில வசதிகள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள். அழைப்பே போகாத ஃபோனை யார் வாங்குவார்?

விரலுக்கேத்த வீக்கம் வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாலும் கடைசியில் ஏதோ ஒன்று விடுபடத்தான் போகிறது. அதை மனிதர்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் கெடு தேதி தேர்ந்தெடுக்கும். அப்படிப் பலியாவது பெரும்பாலும் டெஸ்டிங்தான். கல்லூரி ப்ராஜெக்ட்டிலும் இதே கதை. அடுத்த முறை அட்டவணை போடும்போது நான்காவது கட்டத்தை முதலில் நிரப்பிப் பாருங்கள். அது காலியாக இருந்தால் இன்னும் யாரும் முடிவே எடுக்கவில்லை என்று பொருள்.