சிகாமட் அதிர்வுகள்: ‘பதற வேண்டாம்’ என்பது பாதிப் பதில்தான்

ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.13. விடுமுறை நாள் என்பதால் சிகாமட் வட்டாரத்தில் பலர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கட்டில் ஆடியது, ஜன்னல் கண்ணாடி சடசடத்தது, கூரைத் தகரம் அதிர்ந்தது. சில விநாடிகளில் எல்லாம் அடங்கிவிட்டது.

அங்கே ஒரு தாமானில் குடியிருக்கும் என் அத்தை அன்று காலையே தொலைபேசியில் அழைத்தார். கனமான லோரி ஏதோ வீட்டை உரசிக்கொண்டு போகிறது என்றுதான் முதலில் நினைத்தாராம். வாசலுக்கு வந்து பார்த்தால் லோரி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர், எதிர்வீட்டுச் சீனப் பாட்டி என்று எல்லாரும் தூக்கக் கலக்கத்தோடு தெருவில் நின்று, “உங்க வீட்டுலயும் ஆடுச்சா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மண்ணில் வாழ்பவர் அவர். இப்படி ஒன்றை இதற்கு முன் கண்டதில்லை என்றார்.

அது 4.1 அளவிலான நிலநடுக்கம் என்றும், சிகாமட்டுக்கு மேற்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில், 10 கிலோமீட்டர் ஆழத்தில் ஏற்பட்டது என்றும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. ஜொகூர் மட்டுமின்றி நெகிரி செம்பிலான், மலாக்கா, தென் பகாங் வரை அதிர்வு உணரப்பட்டது. அன்று காலை மணி 9 அளவில் யோங் பெங், குளுவாங் பக்கமாக 2.8 அளவில் இன்னொன்று. மூன்று நாள் கழித்து, விநாயகர் சதுர்த்தியன்று காலை, 3.2 அளவில் மீண்டும் சிகாமட்டில். அது புதன்கிழமை. கோயிலில் பூசை, பள்ளியில் பாடம் நடக்கும் நேரம். அதற்குப் பின்னும் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. எதுவும் முதல் அதிர்வை மிஞ்சவில்லை.

“பொதுமக்கள் பதற வேண்டாம்” என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது சரியான அறிவுரைதான். ஆனால், பதறாமல் இருந்துகொண்டு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

*எண்கள் சொல்வது என்ன?*

நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடுகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஞாயிறு காலை 6.13க்கு வந்த 4.1 அதிர்வு, அதே நாள் 9 மணிக்கு வந்த 2.8 அதிர்வைவிட ஏறத்தாழ 90 மடங்கு ஆற்றல் கொண்டது. 2015 ஜூன் 5ஆம் தேதி சபா, ரானாவில் 6.0 அளவில் ஏற்பட்டதோ, நம் 4.1ஐப் போல் ஏறத்தாழ 700 மடங்கு. அன்று கினாபாலு மலையில் பாறைகள் சரிந்து 18 பேர் உயிரிழந்தனர். மலையேறச் சென்ற சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஆகவே சிகாமட்டையும் ரானாவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பொருந்தாது. முறையாகக் கட்டிய வீட்டை 4.1 அளவிலான அதிர்வு இடித்துத் தள்ளுவது மிக அரிது. வாட்ஸ்அப்பில் உலவும் “நாளை இரவு பெரியது வருகிறது” போன்ற செய்திகளுக்கும் எந்த ஆதாரமும் இல்லை. எந்த நாளில், எந்த மணிக்கு நிலம் நடுங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி உலகில் எந்த நாட்டிடமும் கிடையாது. அப்படி ஒரு செய்தி வந்தால் அதை அழித்துவிடுங்கள், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

*நம் மண்ணில் ஏன்?*

தீபகற்ப மலேசியா, புவித்தட்டுகள் மோதும் எல்லையில் இல்லை. அந்த எல்லை சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கடியில் இருக்கிறது. அதனால்தான் நிலநடுக்கம் என்றால் இந்தோனேசியாவின் பிரச்சினை என்றே நாம் வளர்ந்தோம். ஆனால் அங்கே சேரும் அழுத்தம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. 2004 டிசம்பர் 26 பேரதிர்வில் லங்காவித் தீவு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்ததைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. இப்படித் தொலைவிலிருந்து வரும் அழுத்தத்தில், நம் நிலத்துக்கடியில் பல கோடி ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் பழைய பிளவுகள் எப்போதாவது சற்று நழுவுகின்றன. சிகாமட் அதிர்வுகளுக்கு மெர்சிங் பிளவு மண்டலத்தைப் புவியியலாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 1980களில் திரங்கானுவின் கென்யிர் அணை நிரம்பிய காலத்தில் அவ்வட்டாரத்தில் சிறு அதிர்வுகள் பதிவாயின. 2007 நவம்பர் 30 தொடங்கி 2009 வரை பகாங், புக்கிட் திங்கியில் இருபதுக்கும் மேற்பட்ட அதிர்வுகள் ஏற்பட்டன. மிகப் பெரியது 3.5 அளவுதான். பெரிய சேதம் எதுவும் இல்லாமல் அவை ஓய்ந்தன.

பெரும்பாலும் இத்தகைய தொடர்கள் இப்படித்தான் முடிகின்றன. ஆனால் புக்கிட் திங்கியிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் “ஒன்றும் ஆகவில்லை” என்பது மட்டும்தான். அதிர்வு நின்றது, பேச்சும் நின்றது. பதினெட்டு ஆண்டுகள் கழித்துச் சிகாமட்டில் நிலம் ஆடியபோது, வீட்டுக்குள் இருப்பதா, வெளியே ஓடுவதா என்றுகூடப் பலருக்குத் தெரியவில்லை.

*வெள்ளம் தெரியும், இது தெரியாது*

சிகாமட் மக்களுக்குப் பேரிடர் புதிதல்ல. 2006 இறுதியிலும், 2011லும், 2023 மார்ச்சிலும் வெள்ளத்தைப் பார்த்தவர்கள். ஆற்றில் நீர் ஏறினால் எதை முதலில் மேலே தூக்கி வைக்க வேண்டும், பாட்டியை எப்போது வெளியேற்ற வேண்டும், எந்தப் பள்ளியில் நிவாரண மையம் திறப்பார்கள் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அறிவு ஏட்டிலிருந்து வந்ததல்ல. ஒவ்வொரு வெள்ளமும் சொல்லிக் கொடுத்தது.

ஆனால் வெள்ளம் சில மணி நேரமாவது அவகாசம் தரும். நிலநடுக்கம் தராது. அந்தச் சில விநாடிகளில் செய்ய வேண்டியதை முன்பே பழகியிருக்க வேண்டும். குனிந்து, உறுதியான மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்வது. படுக்கையில் இருக்கும் முதியவர் எழுந்து ஓட முயல வேண்டாம், தலையணையால் தலையை மூடிக்கொண்டாலே போதும். ஆடும்போது வாசலுக்கு ஓடுவதில்தான் ஆபத்து அதிகம். கூரை ஓடும் முகப்புச் சுவரும் கண்ணாடியும் விழுவது அங்கேதான். என் அத்தையின் தெருவில் அன்று எல்லாரும் செய்தது அதைத்தான்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பூசையறையில் விளக்கு எரியும். அதன்மேல் கண்ணாடி போட்ட சாமிப் படங்கள் ஆணியில் தொங்கும். கனமான படத்தைக் கட்டிலுக்கு மேலிருந்து மாற்றுவது, விளக்கை அகலமான தட்டில் வைப்பது, உயரமான அலமாரியைச் சுவரோடு திருகாணியால் பிணைப்பது, சமையல் எரிவாயுவை மூடும் இடம் எது என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டுவது ஆகியவற்றுக்கு அதிகச் செலவு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

*கேள்வி வீட்டைப் பற்றியது*

நிலநடுக்கத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது கட்டடம்தான். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான மலேசியத் தரநிலைக்கு உரிய தேசிய இணைப்பு வெளிவந்தது 2017ல். அதற்கு முன் எழுந்த தாமான் வரிசை வீடுகள், கடைவீடுகள், தோட்டத்து லயங்கள் பெரும்பாலும் நில அதிர்வைக் கணக்கில் எடுக்காமலேயே கட்டப்பட்டவை. அதனால் அவை இடிந்துவிடும் என்று பொருளில்லை. எவ்வளவு தாங்கும் என்று யாரும் பார்த்ததில்லை என்பதே பொருள்.

அதற்கு மேல் நாமே சேர்த்த சுமையும் இருக்கிறது. பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறை, கார் நிறுத்த முன்னால் போட்ட காங்கிரீட் கூரை, மேலே ஏற்றிய தண்ணீர்த் தொட்டி. பல இடங்களில் பழைய சுவரோடு புதியதை முறையாகப் பிணைக்காமல், சிமெண்டைப் பூசி மூடியிருப்பார்கள். விரிசல் முதலில் விழுவது அந்த இணைப்பில்தான்.

வெள்ளம் பலமுறை புகுந்த வீட்டில் ஏற்கெனவே விரிசல்கள் இருக்கும். எது வெள்ளத்தால், எது மண் இறங்கியதால், எது அதிர்வால் என்று பின்னால் பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே இன்றே செய்யக்கூடியது இது: வீட்டிலுள்ள விரிசல்களைக் கைப்பேசியில் படம் எடுங்கள். இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த அதிர்வுக்குப் பின் ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்பூச்சில் மயிரிழை போல் தெரிவது பெரிதாகக் கவலைப்பட வேண்டியதல்ல. தூண், உத்தரம் ஆகியவற்றில் விழுவதும், சுவரில் சாய்வாக ஓடி ஒரு காசு நுழையும் அளவுக்கு அகல்வதும் வேறு. அதைப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும்.

பிரச்சினை இங்குதான் தொடங்குகிறது. ஒரு பொறியாளரை அழைத்துவரும் செலவு, மலிவு விலை வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குப் பெரிய தொகை. தோட்டக் குடியிருப்பில் இருப்பவருக்கோ வீடே தன்னுடையது இல்லை. பழுதைப் பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அரசாங்கக் கட்டடங்களைச் சோதிக்க ஆளுண்டு. லயத்துச் சுவரை யார் சோதிப்பார்கள்? சட்டமன்ற உறுப்பினர்களிடமும் ஊராட்சி மன்றத்திடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. வட்டாரத்துக்கு ஒரு குழு, பழைய வீடுகளுக்கு இலவசச் சோதனை என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல் போன்றவற்றுக்குத்தான் இழப்பீடு தரும். நிலநடுக்கமும் வெள்ளமும் வழக்கமாக வீட்டுரிமையாளர் காப்புறுதியில்தான் இடம்பெறுகின்றன. வங்கிக் கடனோடு எடுத்த காப்புறுதி எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். கடன் வாங்கியவர் இறந்தால் மீதத்தை அடைக்கும் காப்புறுதி வேறு, வீட்டைக் காக்கும் காப்புறுதி வேறு.

*கோயிலும் பள்ளியும்*

நம் சமூகம் தன் கையால் கட்டி, தானே பராமரிக்கும் கட்டடங்கள் கோயில்கள். தோட்டக் கோயில்கள் பல, தகரக் கொட்டகையாகத் தொடங்கி, நன்கொடை சேரச் சேர வளர்ந்தவை. கீழே பழைய அடித்தளம், மேலே புதிய கோபுரம், அதில் கனமான சுதைச் சிற்பங்கள். கீழே திருவிழாக் கூட்டம். வண்ணம் பூச நிதி திரட்டும் நிர்வாகக் குழுக்கள், அடுத்த கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்தின் உறுதியைச் சோதிக்கவும் ஒரு தொகையை ஒதுக்கலாம். பக்தர்களிடம் இதற்கென்றே கேட்டால் தரமாட்டார்களா?

தமிழ்ப்பள்ளிகளில் தீப் பயிற்சி நடக்கிறது. அதில் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக வெளியேறுகிறார்கள். நிலநடுக்கத்தில் முதலில் மேசைக்கடியில் புக வேண்டும், அதிர்வு நின்ற பிறகே வெளியேற வேண்டும். இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத் தனிப் பயிற்சி தேவை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதிர்வை உணர்ந்தவர்கள் அதைத் தெரிவிக்க வானிலை ஆய்வுத் துறை இணையப் படிவம் வைத்திருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு ஆடியது என்று கருவிகள் இல்லாத இடங்களில் அறிய அதுவே வழி. தோட்டத்துப் பெரியவர்கள் அந்தப் படிவத்தைத் தாமாக நிரப்பமாட்டார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு, பேரப்பிள்ளை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். நாம் சொல்லாவிட்டால் நம் தோட்டம் அந்த வரைபடத்தில் வெற்றிடமாகத்தான் இருக்கும்.

என் அத்தை இப்போது வாசல் கதவைப் பூட்டாமல் தூங்குகிறார், உடனே ஓடுவதற்காக. ஓட வேண்டாம் என்று சொல்லி, கட்டிலுக்கு மேலே இருந்த பெரிய படத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். சமையலறைச் சுவரில் இருந்த விரிசலின் இரு முனையிலும் தேதி எழுதியிருக்கிறோம். அந்த விரிசலைப் பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளர் எப்போது வருவார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்களிடம், அடுத்த அதிர்வுக்குக் காத்திராமல் நாம் கேட்போம்.