சாமி பயமும் ஒழுக்கமும்

சாமி பயம் விட்டுப்போனால் ஊரில் ஒழுக்கம் இருக்காது என்பது கோயில் வாசலிலும் கம்பெனி கேன்டீனிலும் ஒன்றுபோலக் கேட்கிற பேச்சு. அதற்குள் பல கூற்றுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சோதிக்கத் திருவள்ளூர் மாவட்டமே போதும். பாடல் பெற்ற திருவாலங்காடும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் இங்கேதான் இருக்கின்றன.

ஒழுக்கத்தை மனிதனுக்குத் தந்ததே மதம்தான் என்பது முதல் கூற்று. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரின் கதை இதற்கு எதிர்ச்சாட்சி. காஞ்சிபுரத்து வணிகன் ஒருவன் அந்த வழியே வருகிறான். முற்பிறப்பில் அவன் கொன்ற மனைவி பேயாக வந்து, கருங்காலிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தன் கணவன் என்று வேளாளர் சபையில் வழக்கு வைக்கிறாள். அவன் நடுங்குகிறான். சபையார் 70 பேரும் அவன் உயிருக்குத் தங்கள் உயிரே பிணை என்று சொல்லி அவளோடு தங்கவைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. சபையாருடைய விசாரணை படுமோசம் என்பது வேறு விஷயம். ஆனால் தெய்வம் எதுவும் தோன்றி அவர்களைத் தீயில் இறங்கச் சொல்லவில்லை. தங்கள் வாக்கை நம்பிய ஒருவன் செத்துக் கிடந்தான். அது ஒன்றே காரணம். அவர்கள் நினைவாக எழுந்த மண்டபமும் வழிபாடும் பிறகு வந்தவை. பேயும் முற்பிறப்பும் மத நம்பிக்கைகள்தானே என்று கேட்கலாம். அவை கதைக்குக் களம் அமைக்கின்றன. கடனை உண்டாக்கியது கொடுத்த வாக்கு.

இதே பழையனூர் நீலி ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் வேறு வேடத்தில் வருகிறாள். காளிக்கு உயிர்ப்பலி கொடுப்பதைத் தடுத்த சமண முனிவரை மிரட்ட வந்தவள், அவரிடமே அறம் கேட்டு மாறிவிடுகிறாள். பலி கொடுப்பது ஒரு சாராருக்குப் பக்தி, மறு சாராருக்குப் பாவம். இரண்டும் மதத்தின் பெயரில் வரும்போது எது சரி என்று தேர்பவர், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருந்தாக வேண்டும். சமணம் படைப்புக் கடவுளை ஏற்பதுமில்லை. ஆனால் அதன் விரதங்களைவிடக் கடுமையான ஒழுக்க விதிகளைக் காண்பது அரிது.

பயம் இருந்தால் தவறு நடக்காது என்பது அடுத்தது. கும்மிடிப்பூண்டி அருகே தோக்கமூரில் தலித் மக்களை மறித்து நின்ற தீண்டாமைச் சுவர் திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டியே எழுந்தது. அதை எழுப்பியவர்களுக்குச் சாமி பயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டதற்குப் போராட்டமும் அரசு நடவடிக்கையுமே காரணம். பூசை போடாமல் நெருப்பு வைக்கும் செங்கல் சூளை அரிது. ஆனாலும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும், முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்களையும் ஒடிசாத் தொழிலாளர்களையும் இம்மாவட்டத்துச் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது.

தெய்வ நம்பிக்கை இல்லாதவரை நம்பக் கூடாது என்பதை சிப்காட் உருக்காலை ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ஆயுத பூசையன்று பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். மறுநாள் முதல் உயிரைக் காப்பது ஸ்கிராப் பிரிப்பவரின் கை. பழைய இரும்பில் மூடிய டப்பாவோ ஈரமோ இருந்து, அது அப்படியே உருகிய இரும்புக்குள் போனால் வெடிக்கும். இரும்புக் குழம்பு மேலே நிற்பவர்மேல் தெறிக்கும். ஷிப்ட் முடியும் நேரத்திலும் ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துப் பார்க்கிறவர் இந்துவாக, முஸ்லிமாக, எதையும் கும்பிடாதவராக இருக்கலாம். உலையருகே நிற்பவருக்கு அவருடைய மதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரிய அளவிலும் இதுவே நிலை. டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் மத ஈடுபாடு மிகக் குறைவு. ஊழல் குறைந்த நாடுகளின் வரிசையில் அவை தொடர்ந்து முன்னணியில் இருக்கின்றன. நம்பிக்கை குறைந்ததால் ஊழல் குறைந்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. நம்பிக்கை குறைந்தால் ஒழுக்கம் சரியும் என்றும் சொல்ல முடியாது.

வழிபாடு மனிதனைத் திருத்தும் என்ற கூற்றுக்கு அதிக இடம் தேவையில்லை. சிறுவாபுரி முருகனிடம் ஆறு வாரம் போவது சொந்த வீடு அமைய. பெரியபாளையத்தில் வேப்பிலை உடுத்துவது நோய் தீர. திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதும் அப்படித்தான். இவற்றில் தவறு எதுவும் இல்லை. ஆனால் வேண்டுதல் வைப்பவரிடம் கூலி பாக்கி உண்டா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பக்தர்கள்தானே சீர்திருத்தமும் செய்தார்கள் என்பதுதான் வலுவான வாதம். அது உண்மை. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயர் ஆழ்ந்த பக்தர். கூட்டத்தைத் திரட்டவும் துணிவு கொடுக்கவும் பக்தியால் முடியும். ஆனால் கோயில் தீட்டுப்பட்டது என்று சொல்லிப் பூசை செய்ய மறுத்த பட்டர்களும் அதே அம்மனின் பக்தர்களே. இரு தரப்புக்கும் பக்தி பொதுவாக இருந்ததால், ஒரு தரப்பு கதவைத் திறந்ததற்கும் மறு தரப்பு மறுத்ததற்கும் அது காரணமாக முடியாது.