ஆதாரின் கடைசி இலக்கம் எதைப் பிடிக்கும்? எதைக் கோட்டைவிடும்?

புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளம் ஒன்றியமோ, நாட்டின் வேறெந்த ஒன்றியமோ, 100 நாள் வேலைக் கூலி கைக்கு வர ஒரு 12 இலக்க எண் சரியாக இருந்தாக வேண்டும் என்ற நிலை 2024 ஜனவரி 1-ல் வந்தது. ஆதார் வழிப் பணப்பட்டுவாடா அன்றுமுதல் கட்டாயம். சரி, அலுவலகத்தில் எண்ணைப் பதிவேற்றும்போது ஒரு இலக்கம் தப்பாகிவிட்டால்?

எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

பிறந்த தேதி, ஊர், மாநிலம் எதுவும் இல்லை. ஆதார் சட்டப்படியே அது தொடர்பற்ற ஒரு எண். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக வராது. முதல் 11 இலக்கங்களில் 8,000 கோடி எண்கள் சாத்தியம். அதாவது, இந்தியர் ஒருவருக்கு 50-க்கு மேல்!

12-வது இலக்கம் மட்டும் தனி ரகம். முந்தைய 11-ஐ வைத்துக் கணக்கிடப்படும் காவல்காரன் அது.

எப்படிக் காவல் காக்கிறது?

வெறுமனே கூட்டிப் பார்த்தால் போதாதா? போதாது. 4567, 4657 இரண்டுக்குமே கூட்டுத்தொகை 22தான். இலக்கம் இடம் மாறினால் தெரியாது.

டச்சுக் கணிதவியலாளர் யாக்கோபஸ் வெர்ஹூஃப் 1969-ல் இதற்கு வழி சொன்னார். ஒரு ஐங்கோண அட்டையைச் சுழற்றியும் கவிழ்த்தும் அதே இடத்தில் பொருத்த மொத்தம் 10 வழிகள். 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வழி. சுழற்றிவிட்டுக் கவிழ்ப்பதும், கவிழ்த்துவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. வரிசை மாறினால் விடை மாறும். கூடவே, எண்ணில் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப இலக்கமும் மாற்றப்படுகிறது. அதனால் ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் கட்டாயம் சிக்கிவிடும். இதற்கு இணையம்கூட வேண்டாம்.

எங்கே கோட்டைவிடும்?

கண்டபடி அடித்த எண்களில் சுமார் பத்தில் ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும். தேறியது என்பதாலேயே அது யாருக்கோ வழங்கப்பட்ட எண் என்று அர்த்தமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மனைவியின் பெயருக்கு எதிரே கணவரின் எண் ஏறிவிட்டால், கணக்குப்படி அது முழுக்கச் சரியான எண். பெயரையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் தவறு தெரியும். எண்ணும் பெயரும் சரியாகவே இருந்தாலும், ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும். எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்காக அது இருந்தால், கூலி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

என்ன செய்யலாம்?

ஊரில் அம்மா, அப்பாவுக்குப் பணம் வரவில்லை என்றால், எண்ணை மட்டும் சரிபார்த்து விட்டுவிடாதீர்கள். எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை 'மை ஆதார்' தளத்தில் பாருங்கள். கைத்தவறைக் கணிதம் பிடித்துவிடும். ஆள் மாறியதை மனிதர்கள்தான் பிடிக்க வேண்டும்.